மெழுகு பூசிய சாடி

கல்லறைத் திருநாளுக்கு எட்டு நாள் இருக்கும்போது தெரசாள் அந்த மரச்சாடியைப் பழைய சேலையில் சுற்றிக்கொண்டு, எம்.ரெட்டியபட்டிக்கு நடந்துபோய் அருப்புக்கோட்டை பஸ் ஏறினாள். ஐப்பசி மழை நனைத்த கரிசலில் பருத்தி ஊன்ற ஆட்கள் இறங்கியிருந்தார்கள். அவளையும் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நாளைக்கு வாரேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். இரண்டு சாண் உயரச் சாடி மடியில் கிடந்தது. சிவப்பும் கறுப்புமாக அரக்குப் பூசி, கழுத்தைச் சுற்றிக் கொடியும், வயிற்றைச் சுற்றி ஆடுகிற பெண்களுமாக நுணுக்கமாகக் கீறிய வேலைப்பாடு. பஸ் குலுங்கும்போதெல்லாம் பிள்ளையைப் பிடிப்பதுபோல அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

எல்லாம் புதுச் சாமியாரால் வந்தது. போன வருஷம் கல்லறையில் இந்தச் சாடியைப் பார்த்தவர், இது எங்கிருந்து வந்தது, எத்தனை வருஷத்துப் பொருள் என்று கேட்டுவைத்தார். கேட்டதுதான் தாமதம், ஊரில் ஆளுக்கொரு நூறு வருஷம் கூட்ட ஆரம்பித்தார்கள். கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை பொன்ராஜ், வெள்ளைக்காரச் சாமியார்கள் கப்பலில் கொண்டுவந்தது, இருநூறு வருஷத்துக்குக் குறையாது என்று சத்தியம் செய்தார். ஆசாரி தட்டிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, தேக்குதான், ஆனால் கடைசல் நம்ம பக்கத்துக் கை இல்லை என்றார். பள்ளிக்கூட வாத்தியார் காஷ்மீர் என்றார். அவர் மதுரைக்கு வடக்கே போனதில்லை.

தெரசாளுக்கு மட்டும் எந்தச் சந்தேகமும் கிடையாது. அது ரங்கூன் சாடி. அவள் புருஷன் சிலுவைமுத்து, ஜப்பான்காரன் சண்டைக்கு முன்னால் அங்கே வாங்கியது.

கல்யாணமாகி இரண்டாம் வருஷம் கப்பலேறியவன் அவன். ரங்கூனில் குண்டு விழுந்ததும் காடு மலை வழியாக நடந்தே ஊர் திரும்பியவர்களில் பந்தல்குடிக்காரன் ஒருவன் இருந்தான். நாற்பத்திரண்டாம் வருஷம் ஆடி மாசத்தில் வந்து சொன்னான், சிலுவைமுத்து வழியில் பேதி கண்டு விழுந்துவிட்டான், கண்ணால் பார்த்தேன் என்று. விழுந்ததைப் பார்த்தானா, செத்ததைப் பார்த்தானா என்று அழுகிற வீட்டில் யார் கேட்பார்கள்? உடம்பு இல்லாததால் அவனுடைய கல்யாண வேட்டியையும் ஒரு செபமாலையையும் பெட்டியில் வைத்துப் புதைத்து, மேலே சிலுவை நட்டார்கள். தாலியைக் கழற்றிக் கோயில் உண்டியலில் போட்டபோது அவளுக்கு வயது இருபத்துநாலு. பிள்ளை குட்டி இல்லை. காரியாபட்டியிலிருந்து ஒருவர் பெண் கேட்டு வந்தார். அவள் கல்லறை இருக்கும் திசையைக் காட்டி அனுப்பிவிட்டாள்.

சாடி வந்தது ஐம்பத்தொன்றில். சிலுவைமுத்துவின் அண்ணன் யாக்கோபும் பர்மாவில்தான் இருந்தார். அவர் ஊரோடு வந்து சேர்ந்தபோது இதைக் கொடுத்து, தம்பி ஆசையாக வாங்கியது, உனக்கென்று காப்பாற்றி வைத்திருந்தேன் என்றார். கரையான் ஏறிவிடும், அடியில் மெழுகு பூசி வை என்றும் சொன்னார். முதல் பூச்சை அவரே பூசித்தான் கொடுத்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு கல்லறைத் திருநாளிலும் சாடி நிறையப் பூவோடு அங்கே போகும். திரும்பும்போது எரிந்து மிஞ்சிய மெழுகைச் சுரண்டி வந்து, உருக்கி, அடியில் இன்னொரு பூச்சுப் பூசுவாள். பதினேழு வருஷத்து மெழுகு விரல் தடிமனுக்கு ஏறியிருந்தது.

பந்தல்குடி ரோட்டில் டீக்கடை வைத்திருந்த பால்பாண்டி, பர்மாவிலிருந்து மூன்று வருஷத்துக்கு முன்னால் அனுப்பப்பட்டு வந்தவர். ரங்கூனில் அரக்குச் சாமான் கடையில் இருபது வருஷம் வேலை பார்த்தவர் என்று கேள்விப்பட்டுத்தான் வந்திருந்தாள். சாமியாருக்குப் பதில் சொல்வது ஒரு சாக்கு. இந்தச் சாடியை விற்ற கடை எந்தத் தெருவில் இருந்தது, அங்கே நின்றால் என்னவெல்லாம் கண்ணில் படும், இதைத்தான் அவளுக்குக் கேட்க வேண்டியிருந்தது. புருஷன் நின்ற இடம் ஒன்றுகூட அவளுக்குத் தெரியாது.

பால்பாண்டி கையைத் துடைத்துவிட்டு இரண்டு கையாலும் வாங்கினார். வெகுநாள் கழித்துச் சொந்தக்காரரைப் பார்த்தவர் முகம்போல ஆகிவிட்டது அவர் முகம். பர்மாவில் பாகான் ஊர்ப் பக்கத்து வேலை என்றார். வீட்டில் புத்தருக்கு மேடை கட்டி, இரண்டு பக்கமும் இதில் பூ வைப்பார்களாம்.

"இது ஜோடியா வரும்க்கா. ஒத்தையா யாரும் வாங்க மாட்டாக. இன்னொண்ணு எங்க?"

அது தெரியாது என்றாள். அடியில் ஊரும் வருஷமும் கீறியிருப்பார்கள் என்று சொல்லிக்கொண்டே அவர் சாடியைக் கவிழ்த்தார். மெழுகைப் பார்த்துச் சிரித்தார். பாய்லர் வெந்நீரில் துணியை நனைத்து ஒற்றி, கரண்டிக் காம்பால் மெதுவாகச் சுரண்டினார். மெழுகு ஏடு ஏடாகக் கழன்று விழுந்தது. கடைசி ஏட்டுக்குக் கீழே சிவப்பு அரக்கில் வட்டமும் அரைவட்டமுமாக எழுத்து தெரிந்தது.

"ஆயிரத்து முன்னூத்திப் பத்து. அது பர்மா வருசம். நம்ம கணக்குல நாப்பத்தெட்டு."

முப்பத்தெட்டாக இருக்கும், நல்லாப் பாருங்க என்றாள் தெரசாள். அவர் மறுபடி பார்த்தார்.

"மாறாதுக்கா. எம் மூத்த மக பொறந்த வருசம் இது."

அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். இத்தனை வருஷம் நரி இழுத்ததாகக் கனவில் வந்த உடம்பு எழுந்து நடந்திருக்கிறது, ஆறு வருஷம் கழித்துக் கடைக்குப் போய்ச் சாடி வாங்கியிருக்கிறது. பால்பாண்டி கொடுத்த டீ ஆறுவதற்குள் அந்தச் சந்தோஷம் ஆறிவிட்டது. உயிரோடு இருந்தும் ஒரு கடுதாசி போடவில்லை. எந்தத் தெரு என்று கேட்க வந்ததைக் கேட்கவே இல்லை. பஸ்ஸில் உட்கார்ந்து சாடியின் அடியைத் தடவிப் பார்த்தபோதுதான், முதல் மெழுகைப் பூசியது யார் என்பது உறைத்தது.

யாக்கோபு பக்கவாதம் வந்து மூன்று வருஷமாகக் கட்டிலில் கிடக்கிறார். பெண்சாதி செத்துப்போய்விட்டாள். கஞ்சி கொடுப்பதும் துடைத்துவிடுவதும் தெரசாள்தான். அன்று சாயந்தரமும் முதலில் கஞ்சியைக் கொடுத்தாள். பசியோடு இருக்கிறவரிடம் கேள்வி கேட்க அவளுக்கு மனசு வராது. பிறகு சாடியை அவர் கண்ணுக்கு நேரே கவிழ்த்துப் பிடித்தாள்.

"தெரிஞ்சேதான் மெழுகப் பூசுனீகளா, அத்தான்?"

அவருடைய நல்ல கை அந்த எழுத்தை ஒருதரம் தொட்டது. அப்புறம் மெல்ல மெல்ல, குழறிக் குழறிச் சொன்னார். வழியில் விழுந்தவனைத் தூக்கிப்போய்ப் பிழைக்க வைத்தது ஒரு பர்மாக் குடும்பம். அந்த வீட்டுப் பெண்ணோடு இருந்துவிட்டான். இரண்டு பிள்ளைகள். அண்ணன் தேடிக் கண்டுபிடித்துச் சண்டை போட்டபோது, ஊரில் செத்தவன் செத்தவனாகவே இருக்கட்டும் என்று காலைப் பிடித்தானாம். யாக்கோபு கப்பலேறும் அன்று துறைமுகத்துக்கு அவன் வரவில்லை. அந்த பர்மாக்காரிதான் வந்தாள்.

"அவ சாமி மேடையில இருந்த ஜோடியில ஒண்ண எடுத்துட்டு வந்து, மூத்தவகிட்ட குடுங்கன்னா. கடல்ல போட்டுருவோம்னு ரெண்டு தரம் எடுத்தேன். ஒனக்குன்னு குடுத்தத எப்படிப் போட?"

"இப்ப இருக்காகளா?"

"நான் வரும்போது இருந்தான். பெறகு தெரியலையே, ஆத்தா."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மனுஷன் கண்ணில் நீர் வழியக் கிடந்தார். அவர்மேல் அவளுக்கு அப்படி ஒரு கோபம் இருந்தது. பாவி, பதினேழு வருஷம் என் பூவை எவளோ ஒருத்தியின் சாடியில் வைத்து வெறும் மண்ணுக்குக் கொடுக்க வைத்தாயே என்று நாக்கின் நுனிவரை வந்தது. கோணிய வாயோரம் கஞ்சி ஒழுகியது. அவள் முந்தானையால் துடைத்துவிட்டு, கதவைச் சாத்தாமல் வெளியே வந்தாள்.

திருநாளுக்கு முதல் நாள் கோயிலில் இறந்தவர்கள் பெயர் எழுதினார்கள். பூசையில் சாமியார் வாசிக்கிற பட்டியல். பொன்ராஜ் அவளைக் கேட்காமலே வருஷா வருஷம் எழுதுகிற மூன்று பெயரை எழுதினார். மாமனார், மாமியார், சிலுவைமுத்து.

"அவுக பேரை மட்டும் அடிச்சிருங்க."

பொன்ராஜ் பேனாவைப் பிடித்தபடியே நிமிர்ந்தார். ஏன், பூசையில் வாசிக்க வேண்டாமா என்றார்.

"சேதி இன்னும் வரல."

இருபத்தாறு வருஷம் வெள்ளைச் சேலை கட்டியவள் வாயிலிருந்து இதைக் கேட்டு அவர் என்ன நினைத்தாரோ, ஒரு கோடு போட்டார். பேச்சை மாற்றுவதற்காகச் சாடியின் வயது தெரிந்ததா என்று கேட்டார். இருபது வருஷம் என்றாள். தன் இருநூறில் ஒரு சைபர் போன வருத்தம் அவர் முகத்தில் நன்றாகத் தெரிந்தது.

மறுநாள் சாயந்தரம் ஊரே கல்லறையில் இருந்தது. தெரசாள் மாமனார் மாமியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றி, பூவைக் கையாலேயே பரப்பி, முழந்தாளிட்டு வேண்டினாள். பக்கத்தில் இருந்த மூன்றாவது சிலுவை இருட்டில் நின்றது. ஜனங்கள் அதையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். மிஞ்சிய மெழுகையும் இந்த வருஷம் சுரண்டவில்லை.

வீட்டுக்கு வந்து விளக்கேற்றினாள். காலையில் பறித்த கேந்தியும் கோழிக்கொண்டையும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. சாடியில் வைத்தாள். சுவரில் சேசுவின் படத்துக்குக் கீழே பலகையின் நட்டநடுவில்தான் பதினேழு வருஷமும் அது நின்றது. அதை வலப்பக்கமாக நகர்த்தினாள். பிறகு இடப்பக்கம் கிடந்த தீப்பெட்டியையும் எண்ணெய்க் குப்பியையும் எடுத்துவிட்டு, ஒரு சாடி நிற்கும் அளவுக்கு அந்த இடத்தைத் துடைத்து வைத்தாள்.