குழாய்க்குக் குடிபோன குரல்

மைக்கம்மாவின் குரல் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவள் தொண்டையை விட்டுக் கிளம்பி, சமையலறைக் குழாய்க்குக் குடிபோனது. பேருந்து நிலையத்தில் அறிவிப்பு வாசிக்கிறவள் என்பதால் பயணிகள் அவளுக்கு வைத்த பெயர்தான் மைக்கம்மா. பல் விளக்கிவிட்டுக் கணவனிடம் துண்டு கேட்க வாயைத் திறந்தாள். வெறும் காற்றுதான் வந்தது. அதே நேரம் அவன் சமையலறையில் குழாயைத் திருக, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று அவள் குரல் தண்ணீரோடு கொட்டியது. குழாய் ரிப்பேர்க்காரர் வந்து வாஷரை மாற்றினார். குரல் முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது. அக்கம்பக்கத்தார் வந்து பார்த்தார்கள், வெளியூர் போகிறவர்கள் பேருந்து நேரம் தெரிந்துகொண்டார்கள், அப்புறம் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

முந்தின வாரம்தான் அவளுடைய அம்மா ஆஸ்பத்திரியில் இறந்துபோயிருந்தாள். செய்தி வந்தபோது மைக் பொத்தான் அவள் விரலுக்கடியில் இருந்தது. வண்டி கிளம்பும் நேரம். வந்த அழுகையை விழுங்கிவிட்டு, கடைசி ஊர்ப் பெயர் வரைக்கும் பிசிறில்லாமல் வாசித்து முடித்தாள். நிலைய மேலாளர் அதைப் பாராட்டினார், பாவம், நல்லெண்ணத்தில்தான். வீட்டிலும் அவள் அழவில்லை. அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஒருத்தராவது திடமாக இருக்க வேண்டாமா?

அப்பாவுக்குப் பார்வை போய் வெகுகாலம். மகள் என்றால் அவருக்கு அந்தக் குரல்தான். குரல் இடம் மாறியதும் அவரும் நாற்காலியைச் சமையலறைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, குழாயை மூடவே விடாமல், அது ஒவ்வொரு வண்டியை அறிவிக்கும்போதும் "சரிம்மா, எல்லாரையும் பாத்துப் போகச் சொல்லு" என்று பதில் சொன்னார். மகள் பக்கத்தில் போய்க் கையைத் தொட்டால், "யாரும்மா நீ? என் பொண்ணு பேசிட்டிருக்கா, சத்தம் போடாத" என்று கையை இழுத்துக்கொண்டார். வேலை போனால் போகட்டும் என்றுகூட அவள் இருந்துவிடுவாள். பெற்ற அப்பாவுக்கே யாரோ ஆகிப்போனதுதான் அவள் நெஞ்சை அரித்தது.

தொண்டை டாக்டர் விளக்கடித்துப் பார்த்து, வீடு நன்றாகத்தான் இருக்கிறது, குடியிருந்தவர்தான் இல்லை என்றார். ஹிப்னோதெரபி செய்கிற ஓர் அம்மாளின் விலாசத்தையும் அவளுக்கு ஒரு சீட்டையும் அவரே எழுதிக் கொடுத்தார். போய்ப் பார்த்தால் பலகையில் 'மனோவசிய சிகிச்சை' என்று எழுதியிருந்தது. வசியம் என்ற சொல்லைக் கண்டதும் கணவன் வாசலிலேயே நின்றுவிட்டான். மயக்கத்தில் மனைவி வீட்டு விஷயம் எல்லாவற்றையும் உளறிவிடுவாள் என்று அவன் முடிவு கட்டினான். அவள் உளறுவதற்கு முன் தானே சொல்லிவிடுவது மேல் என்று, அவள் தம்பியின் சைக்கிள் திருடு போகவில்லை, தொலைத்தது தான்தான் என்று அன்றே ஒப்புக்கொண்டான். விஷயம் கேள்விப்பட்ட நாத்தனாரும் ஓடிவந்து, மைக்கம்மாவின் கம்பளிச் சட்டையைச் சுருங்க வைத்தது சலவைக்கடை அல்ல, தான்தான் என்று சொல்லி அழுதாள். இதில் எதுவுமே மைக்கம்மாவுக்கு அதுவரை தெரியாது. குரல் இல்லாததால் அவர்கள் இருவரும் தப்பித்தார்கள்.

கணவனுக்குத் தொழில் கடிகாரம் பழுது பார்ப்பது. சிகிச்சைக்குப் போன அன்று, சினிமாவில் வருவதுபோல் கண்முன்னால் ஆட்டுவதற்கென்று சங்கிலி வைத்த கடிகாரம் ஒன்றை மெருகேற்றி எடுத்துப் போயிருந்தான். "வேணாங்க, மணி பாக்கச் செவுத்துல ஒண்ணு இருக்கு" என்று அந்த அம்மாள் அதைத் திருப்பிக் கொடுத்தாள். தொண்டை டாக்டரின் சீட்டை முழுக்கப் படித்தாள். பிறகு மைக்கம்மாவிடம், "வசியம்னு பேரு வச்சது யாருன்னு தெரியல. பாதிப் பேரு வாசலோட திரும்பிடறாங்க. இது தூக்கமும் இல்ல, மயக்கமும் இல்ல. கவனம், அவ்வளவுதான். நான் பேசறது, வெளியில ஹாரன் அடிக்கறது, எல்லாமே கேக்கும். பிடிக்கலன்னா கண்ணத் திறந்து எழுந்து போயிடலாம். சரியாப் போயிடும்னு சத்தியமெல்லாம் பண்ண மாட்டேன்" என்றாள். மைக்கம்மா காகிதத்தில் 'கனிவான கவனமா?' என்று எழுதிக் காட்டினாள். அந்த அம்மாள் சிரித்துவிட்டு, "அதேதான்" என்றாள்.

முதல் தடவை ஒன்றும் நடக்கவில்லை. மூச்சை எண்ணினாள், கை கனத்தது, கதவுக்கு வெளியே கணவன் இருமியது நன்றாகக் கேட்டது. இதற்கா இவ்வளவு பயந்தோம் என்றிருந்தது. ஆனாலும் அன்று தோள் இரண்டும் லேசாகி நன்றாகத் தூங்கினாள். சில வாரம் கழித்து ஒரு மத்தியான வேளையில், அம்மா இறந்த நாளைப் பற்றி மைக்கம்மா எழுதிக் காட்டியிருந்ததை வைத்து, அந்த அம்மாள் மெதுவாக, "இப்ப உங்க அறிவிப்பு அறையில இருக்கீங்க. வண்டி எதுவும் இல்ல, யாரும் காத்திட்டிருக்கல. அன்னிக்கு விழுங்கினதச் சொல்லணும்னா சொல்லலாம், வேணாம்னா விட்டுடலாம். உங்க இஷ்டம்" என்றாள். தான் அந்த நாற்காலியில்தான் சாய்ந்திருக்கிறோம் என்று மைக்கம்மாவுக்குத் தெரிந்தே இருந்தது. சொல்லாமலும் இருந்திருக்கலாம். முதலில் கண்ணீர் வந்தது, அதற்குப் பின்னால் கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. "அம்மா" என்றாள். பிறகு அவளே நிறுத்தும்வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். யாரும் அவளை நிறுத்தவில்லை.

அதே வேளையில் வீட்டுக் குழாய், ஒரு வண்டியின் பெயரைச் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டது. அப்பா காத்திருந்தார். குழாயைத் தட்டிப் பார்த்தார், கூப்பிட்டுப் பார்த்தார். அவள் வந்து சேர்ந்தபோது, அவர் ஓடுகிற தண்ணீருக்குக் கீழே கையை நீட்டியபடி, காணாமல்போன குழந்தையைத் தேடுகிறவர் முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"அப்பா" என்றாள்.

அவர் முகம் குழாயை விட்டு வாசல் பக்கம் திரும்பியது. அவள் பக்கத்தில் வந்து குனிந்தாள். அவர் ஈரக் கையை நீட்டி அவள் கன்னத்தைத் தடவி, அது நனைந்திருப்பதைக் கண்டுகொண்டார்.

"வந்துட்டியா?" என்றார். "அந்தக் குழாய மூடும்மா. தண்ணி வீணாப் போகுது."

அவள் மூடினாள்.