நடைராஜாவும் முட்டி மாத்திரையும்

தெருவில் எனக்கு 'நடைராஜா' என்று பெயர். நாற்பது கிலோவை நடந்தே கரைத்தவனாம். நடந்ததாவது மண்ணாவது! வெளியூரில் சீருடை தைக்கும் வேலை என்று புளுகிவிட்டுப் போய், இரைப்பையை வெட்டிச் சின்னதாக்கிக்கொண்டு வந்தவன் நான். தையல்காரன் வயிற்றுக்குள்ளேயே தையல். தெரிந்தது என் மனைவிக்கு மட்டும்.

நடந்தே இளைத்தேன் என்ற புளுகை அவள் தம்பி அப்படியே நம்பினான். "உங்களால முடிஞ்சுதுல்ல மாமா, நானும் நடக்கிறேன்" என்று கனத்த உடம்போடு தினமும் ஐந்து கிலோமீட்டர். முட்டி வீங்கியதுதான் மிச்சம். அவன் முகம் வாடுவதைப் பார்க்க முடியாமல் நான் ஒரு கேவலமான காரியம் செய்தேன். ஜிப் போச்சு, பட்டன் போச்சு என்று அவன் கொண்டுவரும் பேன்ட்டில், இடுப்புத் தையலைப் பிரித்து முக்கால் இஞ்ச் தளர்த்தித் தைத்துவிடுவேன். "தொளதொளங்குது மாமா!" என்று குதிப்பான்.

ஆபரேஷன் செய்த டாக்டர் ஓர் அட்டை கொடுத்திருந்தார். கேட்காமல் எந்த வலி மாத்திரையும் போடக்கூடாது, வயிறு புண்ணாகி ரத்தம் கசியும். எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் இதைக் காட்ட வேண்டும் என்றார். அதைத் தையல் மெஷினின் பாபின் டப்பாவுக்கு அடியில் ஒளித்து வைத்தேன்.

போன வாரம் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. மைத்துனன் தன் முட்டி மாத்திரை அட்டையை நீட்டினான்.

"ரெண்டு வேளை போடுங்க மாமா, வலி பறந்துடும்."

வேண்டாம் என்றால் ஏன் என்பான். ஏன் என்றால் மானம் கப்பலேறும். வாங்கிப் போட்டேன். மூன்று நாள் போட்டேன்.

நான்காம் நாள் மலம் தார் மாதிரி கறுத்துப் போனது. துணி வெட்டும்போதே கண் இருட்டி விழுந்தேன். மைத்துனன்தான் நொண்டிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

"முன்னாடி வயித்துல ஏதாவது ஆபரேஷன் பண்ணியிருக்கா?" என்று டாக்டர் கேட்டார்.

அவன் என் கையைப் பிடித்தபடி முந்திக்கொண்டான். "ஆபரேஷனா? மாமா நடந்தே இளைச்சவரு டாக்டர்!" சட்டைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தான். "இதை நான்தான் குடுத்தேன். என்னாலதான் இப்படி ஆச்சா?"

சீ, என்ன மனுஷன் நான்! செத்தாலும் பரவாயில்லை என்று ஒரு நொடி வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவன் அழுதான்.

"உன்மேல தப்பில்ல மாப்ளே. டாக்டர், எனக்கு இரைப்பைய வெட்டித் தச்சிருக்காங்க. ரெண்டு வருஷமாச்சு. இந்த மாத்திரை ஆகாதுன்னு எனக்குத் தெரியும்."

டாக்டர் நர்ஸைக் கூப்பிட ஓடினார். மைத்துனன் என் கையை விடவில்லை. குனிந்து, தன் வீங்கிய முட்டியைப் பார்த்தான்.

"அப்போ என் பேன்ட்டு எப்படி மாமா லூசாச்சு?"

அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

"நான்தான் பிரிச்சு விட்டேன்."