சுல்மாவின் ஏற்றம்

மெல்டர்கெம் பாலத்தில் தொடங்கி, ஆற்றங்கரையோடு போய், சிக்கரி வயல்களையும் செங்கல் சூளையையும் சுற்றிக்கொண்டு, மாதாகோயில் தெரு வழியாக மறுபடி அதே பாலத்துக்கு வந்து சேரும் சைக்கிள் பாதையில் இறக்கம் கிடையாது. முழுக்க ஏற்றம்தான். அப்படியானால் எதிர்த்திசையில் போனால் முழுக்க இறக்கமாக இருக்க வேண்டுமே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். எதிர்த்திசையில் போனாலும் ஏற்றம்தான். மழைத்தண்ணீர் மட்டும் எப்போதும்போல ஆற்றைப் பார்த்தே ஓடுகிறது. தண்ணீருக்கும் இந்த விஷயத்துக்கும் சம்பந்தமில்லை.

முன்பு இப்படி இல்லை. ஸ்கெல்ட் ஆறு வளையும் இடத்தில் சப்பாத்தி போலத் தட்டையாகக் கிடக்கிற ஊர் எங்களுடையது. ஃபிளாண்டர்ஸில் சைக்கிள் பந்தயம் வராத ஊருக்கு மரியாதை இல்லை. குன்று இல்லாத ஊருக்குப் பந்தயம் வராது. அக்கரையில் இருக்கும் வாசெகெம்காரர்களுக்குக் கல் பாவிய குன்று ஒன்று உண்டு, அதை உச்சியில் ஒரு சிற்றாலயத்தோடு கடவுளே கொடுத்ததுபோல் பேசுவார்கள். சந்தையில் எங்கள் ஆட்களைக் கண்டால், "என்னப்பா, உங்க ஊர்ல ரொம்ப உசரமான இடம் எது? மாதாகோயில் வாசப்படியா?" என்பார்கள். உண்மையிலேயே மாதாகோயில் வாசப்படிதான்.

எங்கள் ஊருக்கு இருந்த ஒரே நம்பிக்கை ரெமி பாட்டென்ஸ். பத்தொன்பது வயதில் அவன் சைக்கிளை மிதித்தால் வாய்க்காலில் இருக்கும் வாத்துகள் கூடத் திரும்பிப் பார்க்கும். ஐம்பத்துமூன்றாம் வருஷம் ஒரு சின்னப் பந்தயம் எங்கள் தெரு வழியாகப் போனது. ரெமி முன்னால் வந்தான். ஊரே நின்று கத்தியது. மாதாகோயில் முன்னால் ஈரக்கல்லில் சக்கரம் வழுக்கி விழுந்தான். முழங்கால் சில்லு உடைந்தது. அடுத்த வருஷமே கால் சரியாகிவிட்டது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆள்தான் சரியாகவில்லை. ஜன்னலை மூடிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டான். ஊர் முழுக்கப் பார்க்க விழுந்தவன் ஊர் முகத்தில் எப்படி விழிப்பது என்பது அவன் கணக்கு.

அவனுடைய அக்கா சுல்மா நெசவாலையில் தறி ஓட்டிக்கொண்டிருந்தாள். தோள் அகலம், குரலும் அகலம். ஓர் ஆசிரியத் தம்பதி சண்டை போட்டுப் பிரிந்தபோது, அவர்களுடைய இருவர் மிதிக்கும் இரட்டை சைக்கிளை வாங்கி வந்து வாசலில் நிறுத்தினாள்.

"ஏறுடா."

"நான் மிதிக்க மாட்டேன்."

"உன்னை யாரு மிதிக்கச் சொன்னா? உக்காரு, போதும். மூட்டை மாதிரி உக்காரு."

மூட்டை மாதிரியே உட்கார்ந்தான். பின்மிதிகளில் கால் வைக்காமல் இருப்பதற்காகக் கொல்லரைப் பிடித்துச் சட்டத்தில் ஒரு கம்பி பற்றவைத்துக்கொண்டு அதன்மேல் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டான். அவனுக்குக் கீழே மிதிகள் ஆளில்லாமல் சுற்றின. ஆலை விட்டதும் சுல்மா அவனை ஏற்றிக்கொண்டு பாலத்திலிருந்து பாலம்வரை ஒரு சுற்று வருவாள். பனியிலும் போனாள், பீட்ரூட் வண்டிகள் சேறு கொட்டிய நவம்பரிலும் போனாள். எதிர்க்காற்றில் பாப்ளார் மரங்கள் வளையும்போது அவள் வளையாமல் போனாள். தம்பி பேச மாட்டான். அவள்தான் பேசிக்கொண்டே போவாள்: யார் வீட்டில் பன்றி அடித்தார்கள், எந்த மேஸ்திரி எந்தப் பெண்ணிடம் அறை வாங்கினான், எல்லாம்.

சாலை எப்போது சாயத் தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. முதலில் கவனித்தது தபால்காரர். மிதிப்பதை நிறுத்தினால் அவருடைய வண்டி பின்னால் உருண்டது. பிறகு பால்வண்டிக் குதிரைக்குத் தொடை பருத்தது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பாட்டுக்குழுப் பெண்கள் உல்லாசமாகச் சைக்கிளில் கிளம்பி, ஊரைச் சுற்றி வந்து, பாலத்தில் ஒரு வார்த்தை பாட முடியாமல் மூச்சு வாங்கி நின்றார்கள். சுல்மா அத்தனை வருஷமாக இழுத்த பாரத்தைச் சாலை தன் பழக்கமாக்கிக்கொண்டது என்று ஊர் புரிந்துகொண்டது. யாரும் பயப்படவில்லை. அடுத்த சந்தையில் எங்கள் ஆட்கள் வாசெகெம்காரர்களைத் தேடிப்போய் நின்றார்கள். "உங்க குன்னு எங்க முடியுது? உச்சியிலயா? அடப் பாவமே. எங்களுது முடியறதே இல்லப்பா."

அந்தச் சாலையில் வளர்ந்த பையன்களும் பெண்களும் மற்ற ஊர்க் குன்றுகளை ஏறிவிட்டு, குன்று எங்கே என்று கேட்டார்கள். சேதி கெந்த் நகரம்வரை போனது. பந்தயம் நடத்தும் குழுவின் தலைவர் காரில் வந்தார். காரை விட்டிறங்கிச் சைக்கிளில் சுற்றினார். காபிக் கடையில் படுக்க வைத்து அவருக்குக் கறுப்பு பீர் கொடுக்க வேண்டியிருந்தது. எழுந்ததும், ஏப்ரலில் நடக்கும் பெரிய பந்தயம் இந்த வழியாகத்தான் போகும் என்றார். மணி அடித்து ஊருக்குச் சொன்னார்கள்.

பந்தயத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அது நடந்தது. சிக்கரி வயலருகே சுல்மா ஏதோ ஆலைக் கதை சொல்ல, ரெமி சிரித்தான். சிரித்த மறதியில் ஒரு கால் கம்பியிலிருந்து நழுவி மிதியில் விழுந்தது. விழுந்த கால் ஒரு அழுத்து அழுத்தியது. அவர்களுக்குப் பின்னால் ஒட்டி வந்த தபால்காரர் மிதிக்காமலேயே ஐம்பது கஜம் உருண்டுபோனார். ஏற்றம் இல்லை. சாலை படுத்துவிட்டிருந்தது. கால் கம்பிக்குத் திரும்பியதும்தான் மறுபடி எழுந்துகொண்டது.

மறுநாள் மேயர் வலேர் ஸ்டாக்மன் தயிர்க்கட்டி நிரப்பிச் சுட்ட பலகாரங்களை ஒரு பெட்டியில் எடுத்துக்கொண்டு பாட்டென்ஸ் வீட்டுக்கு வந்தார். அவர் பீர் ஆலை முதலாளி, தொப்பிக்கும் தொப்பைக்கும் பெயர் போனவர்.

"சுல்மா, தம்பி கிட்ட ஒரு வார்த்தை சொல்லு. பந்தயம் முடியற வரைக்கும் கால கீழ வைக்க வேணாம். அப்புறம் என்ன வேணா பண்ணிக்கட்டும்."

"ஏன் மேயரய்யா?"

"அவன் மிதிச்சா சாலை சமமாயிடுது. ஊர் மானம்மா இது. வாசெகெம்காரன் சிரிப்பானே!"

சுல்மா பெட்டியை வாங்கி மேஜைமேல் வைத்தாள். ஊரின் பெருமையில் பெரிய பங்கு அவளுடைய தொடைகள் சம்பாதித்தது; அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் வாசலைக் காட்டினாள்.

"ஏழு வருஷமா எதுக்காக இவனை இழுத்துட்டுப் போறேன்னு நினைக்கிறீங்க? உங்க சாலைக்காகவா? சாலை போனா போகட்டும். பலகாரத்துக்கு நன்றி. போயிட்டு வாங்க."

உள்ளறையில் ரெமி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். அந்த இரண்டு வாரமும் காலைக் கம்பியில் வைத்தே வந்தான். மேயர் நிம்மதியாகத் தூங்கினார்.

பந்தய நாளில் ஜன்னலுக்கு ஒரு குடும்பம் தொங்கியது. உருளைக்கிழங்கு வறுக்கும் மணம் ஆற்றின் மேலேயே நின்றது. வாசெகெமிலிருந்து படகு படகாக வந்து இறங்கினார்கள், சிரிப்பதற்குத் தயாராக. நாட்டின் பெரிய வீரர்கள் பாலத்தைத் தாண்டிச் சுற்றுக்குள் நுழைந்தார்கள். சிக்கரி வயலில் பேச்சை நிறுத்தினார்கள். செங்கல் சூளையில் ஒருவரையொருவர் பார்ப்பதை நிறுத்தினார்கள். மாதாகோயில் தெருவுக்கு வந்தபோது ஒருவர் விடாமல் இறங்கி, சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்கள். கண்ணுக்குச் சமமாகத் தெரிந்த தெருவில் அவர்கள் குனிந்து, மூச்சிரைத்து, மலையேறுகிறவர்களைப் போல நடந்ததைப் பார்த்து வாசெகெம்காரர்கள் தொப்பியைக் கழற்றினார்கள்.

அவர்களுக்குப் பின்னால் சுல்மாவும் ரெமியும் வந்தார்கள். பந்தயத்தில் அவர்களுக்கு இடமில்லை. அது அவர்கள் வழக்கமாகச் சுற்று வரும் நேரம், அவ்வளவுதான். போலீஸ்காரர் தடுக்கக் கை தூக்கினார். சுல்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அதே கையால் மீசையைத் தடவிக்கொண்டார். மாதாகோயில் முன்னால், தான் விழுந்த அந்தக் கற்களின்மேல் வந்தபோது, ரெமி கம்பியிலிருந்து இரண்டு கால்களையும் எடுத்தான். கூட்டமே மூச்சை உள்ளிழுத்தது. மேயர் கண்ணை மூடிக்கொண்டார். ரெமி மிதித்தான்.

சாலை படுக்கவில்லை. சரியாகச் சொன்னால், அவர்களுடைய சக்கரம் போன அகலத்துக்கு மட்டும் படுத்தது. ஒரு முழ அகலத்தில் தெரு மேஜைபோலச் சமமாயிற்று. அவர்கள் தாண்டியதும் கற்கள் பின்னால் மறுபடி எழுந்துகொண்டன. இருபுறமும் நாட்டின் பெரிய வீரர்கள் மலையேறிக்கொண்டிருக்க, நடுவில் அந்த இரட்டை சைக்கிள் தண்ணீரில் படகுபோலப் போயிற்று. அன்று ஊர் கத்திய கத்தலில் மாதாகோயில் மணி தானே ஒரு முறை அடித்தது.

சுல்மா திரும்பிப் பார்க்கவில்லை. ஹேண்டில்பாரைப் பிடித்தபடி அழுதுகொண்டே கத்தினாள்.

"இத்தனை வருஷமா எங்கடா போயிருந்தே?"

"எங்கயும் போகல. பின்னாடியேதான் இருந்தேன்."

"திட்டணும்னு இருக்கு."

"திட்டு. பாலம் வரைக்கும் நேரம் இருக்கு."

பாலம்வரை திட்டினாள். ரெமி அத்தனைக்கும் ஆமாம் என்றான்.

அதற்குப் பிறகு பந்தயம் வருஷா வருஷம் வருகிறது. வாசெகெமிலிருந்து பிள்ளைகள் பயிற்சிக்கு வருகிறார்கள். அவர்களுக்கு நாங்கள் வழிவிடுகிறோம். ரெமி திரும்பப் பந்தயத்தில் ஓடவில்லை. ஆலை வாசலில் சைக்கிள் பழுது பார்க்கும் கடை வைத்து, கூட்டமாக இருக்கும்போதும் ஜன்னலைத் திறந்தே வைத்திருந்தான். ஏற்றத்துக்குப் பெயர் வைக்க வேண்டும் என்று பந்தயக் குழு கேட்டபோது ஊர் சுல்மாவின் பெயரைச் சொன்னது. "என் பேர்ல ஒரு மலை இருக்கு, ஏறிப் பார்க்கத்தான் நேரமில்ல" என்று சொல்லிவிட்டு அவள் தறிக்குத் திரும்பிப்போனாள். விதிப்படி ஏற்றத்தின் உச்சியில் ஒரு கோடு போட வேண்டும். யோசித்துப் பார்த்துவிட்டுப் பாலத்தின் நடுவில், ஆற்றுக்கு நேர் மேலே, வெள்ளைக்கோடு போட்டார்கள். மே மாதங்களில் அங்கே வந்து சேர்ந்தவர்கள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்குவார்கள். கீழே மணல் ஏற்றிய படகில் போகிறவர்கள், எட்டினால் தொடக்கூடிய உயரத்தில் நிற்கும் அவர்களை அண்ணாந்து பார்த்து, மேலே காற்று எப்படி, குளிருகிறதா என்று கேட்டுக்கொண்டே போவார்கள்.