அடைத்த குழாய்

கிப்சனை அன்று நான் கொன்றிருப்பேன். கொல்லாமல் விட்டது என் நல்ல குணத்தால் அல்ல. கையுறையில் பனி ஒட்டியிருந்ததால் கடப்பாரை வழுக்கிவிட்டது, அவ்வளவுதான்.

கிப்சன் என் கொழுந்தன், என் புருஷன் எல்ராயின் தம்பி. கனடாவின் வடகோடியில், டுக்டோயாக்டுக்கிலிருந்து இனுவிக் போகும் சாலையைப் பராமரிக்கும் ஆட்களுக்கு நான் மேஸ்திரி. போன ஆகஸ்டில், ஏரியை ஒட்டிய வளைவில், சாலைக்கு அடியில் காலங்காலமாக உறைந்து கிடந்த மண் இளகி, எல்ராய் ஓட்டிவந்த எண்ணெய் லாரியை விழுங்கியது. வாயெல்லாம் சேறு அடைத்துத்தான் அவன் செத்தான். அந்த வாயைக் கழுவியது நான்.

அதற்குப் பிறகுதான் வளைவுக்கு அடியில் குறுக்காகக் குழாய்கள் பதித்தார்கள். கோடையில் மூடிபோட வேண்டும், குளிர்காலத்தில் இரண்டு பக்கமும் திறந்துவிட வேண்டும். காற்று உள்ளே புகுந்து சாலையின் வயிற்றுச் சூட்டை வெளியே தள்ளும், மண் கல்லாக இறுகும். அடைத்துக் கிடந்தால் அடுத்த கோடையில் இன்னொரு லாரி, இன்னொரு பிணம். அந்தக் குழாய்களை நான் பிள்ளைகளைப் போலக் காவல் காத்தேன்.

பிப்ரவரியில் பனிப்புயல் ஓய்ந்து சாலை திறந்த அன்று முதல் வேலையாக அங்கே போனேன். நடுக் குழாயின் வாயில் பனியைக் கட்டிகளாக வெட்டி நேர்த்தியாக அடுக்கியிருந்தது. வீட்டுக்குக் கீழே குளிர் ஏறாமலிருக்க நாங்கள் சுற்றிலும் அடுக்குவோமே, அதே மாதிரி. பக்கத்தில் மண்வெட்டியோடு கிப்சன் நின்றான். எல்ராயின் பனிவண்டியை மற்ற நாய்களுக்கு முன்னால் ஓடி இழுத்த நாய் மிட்ஸி, சங்கிலியை அறுத்துக்கொண்டு வந்து அந்தக் குழாய்க்குள் குட்டி போட்டிருக்கிறதாம்.

"வசந்தம் வர்ற வரைக்கும் இருக்கட்டும் அண்ணி. இப்ப எடத்த மாத்துனா குட்டிங்கள அதுவே தின்னுடும். ஒரே ஒரு குழாதானே."

"உங்கண்ணன் விழுந்ததும் ஒரே ஒரு எடத்துலதான்டா."

கடப்பாரையால் பனிக்கட்டிகளை இடித்தேன். அவன் என் தொப்பியோடு முடியைச் சேர்த்துப் பிடித்து இழுத்து முகத்தில் குத்தினான். பல் ஒன்று நாக்கில் வந்து விழுந்தது. எனக்குக் கண் மண் தெரியவில்லை. அவன் தலையைப் பார்த்துத்தான் ஓங்கினேன். கடப்பாரை வழுக்கி முழங்காலில் இறங்கியது. எலும்பு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. கேட்டதில் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அவன் கத்திக்கொண்டு கிடக்க, நான் குழாய்க்குள் தவழ்ந்தேன். மிட்ஸி என் கையைக் கவ்வி உலுக்கியது. எத்தனையோ நாள் என் கையால் மீன் தின்ற நாய். அதன் மூக்கில் குத்தினேன், விடவில்லை. ரத்தம் வழிய வழிய இன்னொரு கையால் குட்டிகளை ஒவ்வொன்றாக இழுத்து மேலங்கிக்குள் போட்டுக்கொண்டேன். ஒன்று ஏற்கெனவே விறைத்திருந்தது. அதையும் போட்டுக்கொண்டேன். அப்புறம்தான் மிட்ஸி கையை விட்டது.

கிப்சனை இழுத்து என் வண்டியில் ஏற்றி, குட்டிகளை அவன் மடியில் கொட்டினேன். மிட்ஸி தானே தாவி ஏறி அவற்றை நக்க ஆரம்பித்தது. செத்ததையும் சேர்த்துத்தான் நக்கியது.

"அண்ணன் மட்டும் இருந்திருந்தா இதுக்கு உன்ன அடிச்சே கொன்னிருப்பான்" என்று கிப்சன் அழுதான்.

"இருந்திருந்தாத்தானேடா."

அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், என் கையும் தையல் கேட்டது. ஆனாலும் நான் திரும்பி நடந்து, மிச்சமிருந்த பனியை இடித்து முடித்தேன். கடைசிக் கட்டி விழுந்ததும் காற்று ஊளையிட்டுக்கொண்டு குழாய்க்குள் பாய்ந்தது. சாலையைக் கடந்து மறுபக்க வாயில் கையை வைத்துப் பார்த்தேன். வெளியே வந்த காற்றில் குட்டி நாயின் பால் வாடை இருந்தது. அந்த வாடை போகும்வரை கையை எடுக்காமல் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.