மூன்று துள்ளல்

வெளியீட்டு நாளில் இசைத்தட்டை முதல்முதலாகக் கேட்பவர்கள், அதை வாங்க வந்தவர்கள் மட்டுமல்ல, அதைப் போட்டவர்களும்தான். இப்படி ஒரு கிறுக்குச் சட்டத்தை வைத்துக்கொண்டு டெஸ்பாவும் அவள் கணவன் பாண்டோவும் பத்தொன்பது வருடம் ஒரு கம்பெனியை நடத்தினார்கள். ஸ்கோப்யே நகரின் டெபர் மாலோ பகுதியில், பழைய கட்டடத்தின் நான்காவது மாடியில் மூன்று அறை வீடு. மூன்றாவது அறையில் பதிவு செய்வார்கள். அதனால் கம்பெனியின் பெயரும் 'மூன்றாம் அறை'.

அவர்கள் போட்டதை ஜாஸ் என்று சொன்னால் ஜாஸ்காரர்களில் பாதிப் பேர் சண்டைக்கு வருவார்கள். ஒரு தட்டில் டிராம்போனும் கட்டடத்து லிஃப்டும் மட்டும். நடுவில் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டித் திட்டுகிறார்; அதையும் வெட்டவில்லை. முப்பது பேர் வாங்குவார்கள், அந்த முப்பது பேரும் உயிரைக் கொடுப்பார்கள்.

"ஒரு தடவை திருப்பிக் கேட்டா திருத்தத் தோணும். திருத்துனா பொய் வந்துடும்" என்பான் பாண்டோ. அதனால் வாசிக்கும்போது கேட்டதோடு சரி. பிறகு தட்டு அச்சாகி வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரும் அதே அறையில் உட்கார்ந்து ஊசியை வைக்கும்வரை யாரும் கேட்கக் கூடாது. ஒலிநாடாவைக் கம்ப்யூட்டருக்கு மாற்றித் தொழிற்சாலைக்கு அனுப்புகிற வேலை கொச்சோவுடையது. பாண்டோவோடு பட்டாளத்தில் ஒரே கூடாரத்தில் கிடந்தவன், சாக்ஸபோன்காரன். அவன்கூட ஒலியை அடைத்துவிட்டு, திரையில் ஏறி இறங்கும் கோடுகளைப் பார்த்தே வேலையை முடிப்பான். அவர்களிடம் நல்ல ஒலிநாடா ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கொச்சோ மாற்றி முடித்ததும், அதன் மேலேயே அடுத்த பதிவு.

போன அக்டோபரில் பாண்டோ தனியாக ஒரு தட்டுக்கு வாசித்தான். பேஸ் கிளாரினெட், கூட யாரும் இல்லை. அப்போதே அவன் நுரையீரல் பாதி போயிருந்தது. ஒவ்வொரு மூச்சும் கேட்டது, கதவு கிறீச்சிடுவதுபோல. டெஸ்பா சமையலறையில், பதிவுக் கருவியின் முன் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசி ஸ்வரம் அடங்கியதும் அவளுக்கு அழுகை முட்டியது. ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு முகத்தைத் துடைத்தாள்.

அந்த நேரம் பார்த்து அவன் மைக்கில் ஏதோ சொன்னான். மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை. கருவியில் ஒலியளவு காட்டும் ஊசி மட்டும் துள்ளியது. ஒன்று, இரண்டு, மூன்று. அவ்வளவுதான்.

கதவைத் திறந்துகொண்டு போய்க் கேட்டாள். "என்ன சொன்ன?"

"நீ கேக்கலையா?"

"கழட்டி வெச்சுட்டேன்."

அவனுக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலானது. "அப்ப தட்டு வரட்டும், கேட்டுக்க. சட்டம்னா சட்டம்."

"வெளங்காத மனுஷன்டா நீ" என்று அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள். முடித்த நேரத்தை வழக்கம்போல நோட்டில் எழுதினாள்: நாற்பத்தோராவது நிமிடம். ஊசி துள்ளியதை எழுதவில்லை. கொச்சோவிடமும் சொல்லவில்லை. ஐம்பத்தாறு வயதில் புருஷன் மைக்கில் என்னமோ சொன்னான் என்று ஊரைக் கூட்டவா முடியும்? வெட்கமாக இருந்தது. அதோடு, அது அவளுக்கென்று சொன்னது.

ஜனவரியில் ஆஸ்பத்திரியில் கேட்டாள். முகத்தில் ஆக்ஸிஜன் மூடி போட்டிருந்தார்கள், அவனால் பேச முடியாது. விரலைக் காற்றில் வட்டமாகச் சுற்றிக் காட்டினான். தட்டு சுற்றட்டும் என்கிறான். அந்த நிலையிலும் கண்ணில் குறும்பு. மூன்றாம் நாள் போய்விட்டான்.

அதன் பிறகு டெஸ்பா காலையில் எழுந்ததே அந்த மூன்று துள்ளலுக்காகத்தான். ஒலிநாடா அலமாரியில், கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஒருநாள் அதைக் கருவியில் மாட்டி, ஹெட்ஃபோனையும் போட்டுவிட்டாள். பிறகு கழற்றி வைத்தாள். கேட்டுவிட்டால் அதற்கப்புறம் அவனிடமிருந்து வருவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. அவன் சொன்ன நாளிலேயே கேட்போம் என்று இருந்துவிட்டாள்.

நாற்பதாம் நாள் கல்லறையில் ஒயினை ஊற்றி, அவித்த கோதுமையைப் பகிர்ந்து சாப்பிட்டுவிட்டு எல்லோரும் வீட்டுக்கு வந்தார்கள். கொச்சோவும், டபுள் பேஸ் வாசிக்கும் ஸ்டோய்னாவும் மூன்றாம் அறைக்குள் போய் வாசிக்க ஆரம்பித்தார்கள். பாண்டோவுக்காக இதைப் பதிவு செய்யாமல் விடுவதா? டெஸ்பா அலமாரியைத் திறந்து அந்த நாடாவையே எடுத்து மாட்டினாள். கொச்சோ எப்போதோ மாற்றி அனுப்பிவிட்டான். தட்டு அச்சில் இருக்கிறது. பாண்டோவின் குரல் பத்திரம் என்றே நினைத்தாள்.

மே மாதம் தட்டுகள் வந்தன. ஞாயிறு மத்தியானம் ஆட்கள் வந்தார்கள். சுட்ட குடைமிளகாய்த் துவையலான அய்வார், வெள்ளைப் பாலாடைக்கட்டி, குடிக்க ராக்கியா. ஸ்டோய்னா வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"என்னடி இது, உதட்டுச் சாயமெல்லாம்? யாரு வர்றா?"

"வர்றவர் வர்றார். நீ வாய மூடிட்டு உக்காரு" என்றாள் டெஸ்பா. அவள் முகத்தைப் பார்த்து ஸ்டோய்னா உண்மையிலேயே வாயை மூடிக்கொண்டாள்.

முதல் பக்கம் ஓடியது. இரண்டாம் பக்கம் ஓடியது. அவன் மூச்சு அறை முழுக்க இருந்தது. கொச்சோ சுவரைப் பார்த்து உட்கார்ந்து அழுதான். டெஸ்பா அழவில்லை. நாற்காலியின் நுனிக்கு வந்து, ஒலிபெருக்கி பக்கம் காதைச் சாய்த்துக் காத்திருந்தாள். கடைசி ஸ்வரம் நீண்டு, மெலிந்து, அடங்கியது.

பிறகு ஊசி தட்டின் நடுவுக்கு ஓடிப்போய் டக், டக் என்று அடித்துக்கொண்டிருந்தது.

யாரோ கைதட்டப் போனார்கள். "இருங்க" என்றாள் டெஸ்பா. டக், டக். அவளே எழுந்து ஊசியைத் தூக்கி, கடைசி வளையத்தில் மறுபடி வைத்தாள். ஸ்வரம் அடங்கியது. டக், டக். மூன்றாம் தடவையும் வைத்தாள்.

"கொச்சோ. கடைசியில இன்னும் கொஞ்சம் இருந்துச்சே?"

"எது? வாசிச்சது முழுக்க இருக்கே."

"வாசிச்சதுக்கு அப்புறம்."

கொச்சோ யோசித்தான். "அப்புறம் வெறும் கோடு. பெறகு மூணு சின்ன மேடு. நாற்காலி நகந்த சத்தம்னு நெனச்சேன். முடிவு சுத்தமா இருக்கட்டும்னு வெட்டிட்டேன்."

"நாம எதையும் வெட்டுறதில்லையே!" என்றாள் ஸ்டோய்னா.

"அவன் கடைசித் தட்டுடி. அதுல போய் நாற்காலிச் சத்தம் எதுக்குன்னு..." அவன் டெஸ்பாவைப் பார்த்தான். "ஏன்? என்ன அது?"

"அவன் பேசுனது" என்றாள் டெஸ்பா. "எங்கிட்ட."

வெட்டினதைச் சேமித்தாயா என்று அவள் கேட்கக்கூட இல்லை. கொச்சோவின் முகமே சொல்லிவிட்டது.

ஸ்டோய்னாதான் முதலில் விழித்துக்கொண்டாள். "நாடா! நாடா இருக்குல்ல?"

"அதுலதான் நாற்பதாம் நாள் நீங்க வாசிச்சதப் பதிஞ்சேன்."

"எவ்வளவு நேரம் வாசிச்சோம்? அந்த நாடா ஒரு மணி நேரம் ஓடுமே. நாம முன்னாடியே நிறுத்தியிருந்தா அதுக்கப்புறம் இருக்கிறது அவனோடதுதான்டி!"

யாருக்கும் தெரியவில்லை. அரை மணி என்றான் கொச்சோ. அதற்கும் குறைவு என்றாள் ஸ்டோய்னா. அழுதுகொண்டே வாசித்தவர்கள் கடிகாரத்தையா பார்த்திருப்பார்கள்? டெஸ்பா எழுதி வைக்காத பதிவு அது ஒன்றுதான். அன்று நோட்டைக் கையில் எடுக்கவே தோன்றவில்லை. சமையலறைக்கு ஓடினாள். நாடாவை மாட்டி, முப்பத்தொன்பதாவது நிமிடம்வரை சுற்றி, ஒலிபெருக்கியைத் திறந்துவிட்டாள். கதவருகே எல்லோரும் நெருக்கியடித்து நின்றார்கள்.

டபுள் பேஸும் சாக்ஸபோனும் கேட்டன. அவர்கள் வாசித்ததுதான், இன்னும் ஓடுகிறது.

"நிறுத்து" என்றான் கொச்சோ, கருவியில் வாசித்துக்கொண்டிருந்த தன்னையே பார்த்து. "நிறுத்துடா, போதும்."

நாற்பது தாண்டியது. டபுள் பேஸ் தளர்ந்து ஓய்ந்தது. சாக்ஸபோனும் ஒரு நீள மூச்சோடு நின்றது. அமைதி. ஸ்டோய்னா சிலுவை போட்டுக்கொண்டாள். டெஸ்பாவின் கண் ஊசியை விட்டு நகரவில்லை. நாடாவின் லேசான இரைச்சல் மட்டும். நாற்பத்தொன்று.

அப்போது சாக்ஸபோன் மறுபடி தொடங்கியது. தனியாக.

எல்லோருக்கும் ஒரே சமயத்தில் ஞாபகம் வந்தது. அன்று ஸ்டோய்னா டபுள் பேஸின் வில்லைக் கீழே வைத்த பிறகும் கொச்சோவுக்கு மனம் ஆறவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒற்றை ஆளாக வாசித்தான். உன் ஆயுசிலேயே நல்ல வாசிப்பு இதுதான்டா என்று ஸ்டோய்னா அவன் முதுகில் தட்டினாள். அது மூன்று நிமிடம் ஓடியது. ஊசி துள்ளித் துள்ளி ஆடியது. முடிந்ததும் ஒரு பெண் குரல், களைத்துப்போய், வேலைக் குரலில்: "சரி, போதும். நிறுத்துறேன்."

அது டெஸ்பாவின் குரல். மைக் பக்கத்தில் வந்து அவளே சொன்னது. அதற்குப் பிறகு நாடாவில் பழைய இரைச்சல், வெறுமை.

கொச்சோ சமையலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "ரெண்டு தடவ அழிச்சிருக்கேன். ரெண்டு தடவையும் நாந்தான். என்னைச் செருப்பால அடி, டெஸ்பா."

அடித்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். ஆனால் அவனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே. நாடாவை மாட்டியதும் இவள் கைதானே.

"நல்லாத்தான்டா வாசிச்சிருக்க" என்றாள். "அதான் வயிறு எரியுது."

ஒவ்வொருவராகப் போனார்கள். ஆளுக்கொரு தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு போனார்கள். ஸ்டோய்னா துணைக்கு இருக்கிறேன் என்றதற்கு, "நாளைக்கு வா, இன்னைக்கு வேணாம்" என்று அனுப்பிவிட்டாள்.

வெயில் இன்னும் மேஜைமேல் இருந்தது. டெஸ்பா மூன்றாம் அறையிலிருந்து மைக்கை எடுத்து வந்து சமையலறை மேஜையில் வைத்தாள். ஊசி தெரிகிற மாதிரி உட்கார்ந்தாள்.

"தங்கம், நன்றி, வரேன்" என்றாள். ஊசி மூன்று முறை துள்ளியது. பாண்டோ ஒருநாளும் அப்படிப் பேசுகிற ஆள் இல்லை.

"அழாத, டெஸ்பா, அழாத." துள்ளியது.

"பயமா இருக்கு, டெஸ்பா." அதற்கும் மூன்றுதான்.

பிறகு அவன் குரல் மாதிரியே அடித்தொண்டையில், "பசிக்குது, காப்பி போடு" என்றாள்.

ஊசி மூன்று முறை துள்ளி விழுந்தது. எதைச் சொன்னாலும் துள்ளியது. ஒன்றைக்கூட இல்லை என்று அது தள்ளவில்லை. மத்தியானமெல்லாம் அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் டெஸ்பாவுக்கு வந்தது. மைக் திறந்தே இருந்தது. ஊசி எண்ணிக்கை இல்லாமல் ஆடிக்கொண்டிருந்தது.