'டேக்' என்னும் சொல்லின் கடைசி அட்டை

சிவப்பு நூலைக் கையில் வைத்துக்கொண்டு, அட்டைகளைக் கட்ட மனம் வராமல் உட்கார்ந்திருந்தார் புலவர். மூச்சுக்கு மூச்சு பழம்பாடல்களை முணுமுணுப்பவர் என்பதால் அகராதி அலுவலகத்தில் அவருக்கு அந்தப் பெயர். எதிரே இருந்தவள், அவர் எழுதும் எடுத்துக்காட்டு வாக்கியங்களைத் தயவு தாட்சண்யமின்றி வெட்டித் தள்ளும் சக தொகுப்பாளர். அவளுக்குப் பெயர் கத்தரி.

இருவருக்கும் வாய்த்தது 'டேக்' என்ற ஆங்கிலச் சொல். எடுத்தல் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம் என்றுதான் இறங்கினார்கள். அதுவோ விசுவரூபம் கொண்டது. மருந்தோடு சேர்ந்தால் உட்கொண்டது, பேருந்தோடு சேர்ந்தால் ஏறியது, தேர்வென்றால் எழுதியது. செயப்படுபொருளின்றி ஓரடியும் நகராத வினை என்று புலவர் சூத்திரம்போல் எழுதிவைத்த மறுநாளே, ஒட்டுக்கட்டிய கன்று உயிர்பிடிப்பதைக் குறிக்கவும் அதே சொல் வந்து, எந்தத் துணையுமின்றித் தனித்து நின்று சிரித்தது. பொருளுக்கு ஓர் அட்டையாக மேசையே மூடிப்போயிற்று.

ஒரு சொல் முடிந்து அதன் அட்டைகளை நூலால் கட்டியதும் ஜோடியைப் பிரித்துவிடுவது அங்கே வழக்கம். ஒருவர் நடைக்கு மற்றவர் கண் பழகிவிட்டால் பிழை தெரியாதாம். ஆகவே சில வாரங்களாகப் புலவர் புதுப்புதுப் பொருள்களாகத் தேடிப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒருத்தியின் எதிரே உட்கார்ந்திருக்க இத்தனை ஆராய்ச்சியா என்று தம்மையே நொந்துகொண்டாலும், காலையில் படியேறும்போது வாய் தானாகவே பாசுரம் பாடியது. இன்று சரக்கு தீர்ந்துவிட்டது.

"என்ன புலவரே, முடிச்சுப் போட நல்ல நேரம் பாக்கறீங்களா?"

"நீங்க வெட்டுனதுல ஏதாவது மிச்சம் இருக்கான்னு யோசிக்கிறேன்."

"வெட்டுனதெல்லாம் உங்க அடைமொழி. பஸ் வந்துச்சுன்னு எழுதச் சொன்னா, தேர் வந்த மாதிரி எழுதறீங்க!"

தலைமைப் பதிப்பாசிரியர் கதவருகே வந்து நின்றார். "முடிஞ்சுதாய்யா? அடுத்த சொல்லுக்கு ஜோடி மாத்தணும்."

புலவர் நூலை மேசை விளிம்பில் வைத்தார். காலையில் இறைவனைப் பாடிவிட்டு வந்த நாவுக்குப் பொய் வரவில்லை. "முடிஞ்..."

"இல்ல சார்," என்றாள் கத்தரி. "இன்னும் ஒரு பொருள் இருக்கு. நேத்துதான் கண்ல பட்டுச்சு."

"இந்தச் சொல்லு ஓயறதுக்குள்ள எனக்கு ஓய்வு குடுத்துருவாங்க போல," என்று தலையில் தட்டிக்கொண்டே அவர் போய்விட்டார்.

புலவர் நிமிர்ந்தார். இருக்கிற அகராதிகளையெல்லாம் சல்லடை போட்டுச் சலித்தவர் அவர். அப்படியொரு பொருள் எங்குமில்லை.

"என்ன பொருளுங்க அது?"

"தேடணும். உங்களுக்கு ஏதாவது அவசரமா?"

வெற்று அட்டை ஒன்றைத் தன்பக்கம் இழுத்து, பேனா மூடியைக் கழற்றினாள். எழுதவில்லை. மின்விசிறிக் காற்றில் சிவப்பு நூல் மேசை விளிம்பிலிருந்து மெல்ல நழுவி, இருவர் காலடிக்கும் நடுவே போய் விழுந்தது. குனிந்து எடுக்க இருவருக்குமே தோன்றவில்லை.