நான்காம் நாள் மருந்து

...இல்லை, எத்தனை முறை திருகிப் பார்த்தாலும் மைக்ரோஸ்கோப்பில் ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை, தசையை அசைக்கும் நரம்பு செல் உருவானால் சிவப்பாக ஒளிரும்படி அவளே செய்துவைத்தது, அண்ணனின் தோலில் துளி கிள்ளி, எதுவாகவும் ஆகக்கூடிய ஸ்டெம் செல்லாக மாற்றி... அவனுக்குச் செத்துக்கொண்டிருக்கும் நரம்புகளைத் தட்டில் பிறக்கவைத்தால்தான் எந்த மருந்து அவற்றைக் காக்கும் என்று பார்க்கமுடியும், செல்கள்மேல் என்ன குறை? எல்லாவற்றுக்குள்ளும் ஒரே புத்தகம்தான், கண்ணுக்கும் கல்லீரலுக்கும் அதே, எந்தப் பக்கம் திறக்கிறது என்பதில்தான் வித்தியாசம், முதல் மருந்து 'நீ தண்டுவடம்' என்கிறது, நான்காம் நாள் மருந்து ஒரு மரபணுவை எழுப்புகிறது, அதன் புரதம் தசை நரம்பாக்கும் தன் மரபணுக் கூட்டத்தை எழுப்பிவிட்டு, வேறு செல்லாக்கும் எதிர்க்கூட்டத்தின் வாயை அடைக்கிறது. தாமதித்தால் எதிர்க்கூட்டம் முந்திக்கொள்ளும், அப்புறம் குடம் குடமாக ஊற்றினாலும் திரும்பாது.

நான்காம் நாள், வெள்ளிக்கிழமை, மருந்தைக் கையில் எடுத்தபோதுதான் வாசலிலிருந்து போன், "உங்க அண்ணன் வந்திருக்காரு, வீல்சேர்ல." கீழே வரவேற்பறை நிறைய ஆய்வகத்தைப் பார்க்கவந்த விருந்தாளிகள், அண்ணனின் குழறும் பேச்சு, கடைவாயில் வழியும் எச்சில்... "நான் இல்லன்னு சொல்லிடுங்க." பின்படியில் இறங்கிப் போய்விட்டாள், மருந்தை ஊற்றாமலே. திங்கள் காலை ஊற்றிவிட்டு, வெள்ளி மூன்று மணி என்று நோட்டில் எழுதினாள், எழுதிய கை யாருடையது?

"என்னடி, ஒண்ணும் தேறலையா?" பக்கத்து மேசை அக்கா. "மருந்து கெட்டுப்போச்சு போலக்கா." "அய்யய்யோ, வாங்கினவ நான்தானே, என்னைய நாலு மொத்து மொத்து!" சிரித்துக்கொண்டே பாட்டிலைக் குப்பையில் போட்டாள், நல்ல பாட்டில், இவளும் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி முதலிலிருந்து என்றால் ஒரு மாதம், அண்ணனின் ஒரு மாதம் என்பது இன்னும் எத்தனை விரல் அசையாமல் போவது?

போன். அண்ணன்தான்.

"பொறந்துச்சா... யார் ஜாடை?"

"இல்லண்ணா, சரியா வரல."

"என் நரம்புதானே... மெதுவாத்தான் வரும்." மூச்சு வாங்கினான். "அன்னைக்கு... நீ பின்பக்கமாப் போறதப் பாத்தேன். அவசர வேலைபோல. கூப்பிட வாய் வரல."

வாய் வரவில்லையா, வேண்டாமென்று விட்டானா... கேட்கலாமா? எந்த வாயால்?

"அடுத்த தடவ மருந்து போடறப்ப... நான் வரட்டுமா?"

"வாண்ணா, கண்டிப்பா வா," உண்மையாகத்தான் சொன்னாள், ஆனால் சொல்லும்போதே அவள் கண் சுவரிலிருந்த அட்டவணைக்குப் போய், அன்றைக்கு விருந்தாளிகள் யாராவது வருகிறார்களா என்று தேடிக்கொண்டிருந்தது.